ஐஸ்கிரீம் வானின் நெற்றி

அன்று என் பட்டறை யூனிட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என்னோடு வேலை செய்த நாகப்பட்டினத்துக்காரர். ஐஸ்கிரீம் வானின் சொந்தக்காரியான அக்கா. அக்காவின் கணவர். பதினொரு மணிபோல வந்து கேற்றடியில் நின்று கதைத்துவிட்டுப் போன, யார்ட்டுக்கு வாடகை வசூலிக்கும் வெள்ளைக்காரர். வேறு ஒருவரும் இல்லை. ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், பிறகு இந்தக் கதை லண்டனில் சட்டன் பக்கம் பல வாய்களுக்குள் போய் வந்தபோது, அன்று அந்தத் திசையிலேயே இல்லாதவர்கள்கூடத் தாங்கள் நின்று பார்த்ததாகச் சொன்னார்கள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பள்ளிக்கூடம் எங்கேயோ பின்னால் நின்றுவிட்டது. ஜெர்மனியில் கரவன் வண்டிகள் திருத்தும் பட்டறை ஒன்றில் கூட்டித் துடைக்கப் போய், அங்கே பார்த்துப் பார்த்துப் பைபர் வேலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு லண்டன் வந்து இந்த யூனிட்டை வாடகைக்கு எடுத்தேன். இரும்பு நெளியும், தட்டி எடுக்கலாம். பைபர் நெளியாது, உடையும். உடைந்த இடத்தைச் சுற்றி நல்ல பகுதி வரும்வரைக்கும் கிரைண்டரால் சாய்வாகத் தேய்க்க வேண்டும். பிறகு கண்ணாடி நாரால் செய்த பாயை வெட்டி வைத்து, ரெசினால் நனைத்து, ரோலரால் உள்ளே அகப்பட்ட காற்றையெல்லாம் உருட்டி வெளியேற்ற வேண்டும். ரெசின் சீனிப் பாணிபோல இருக்கும். தானாக இறுகாது. ஹார்ட்னர் என்று தண்ணீர்போல ஒன்று, அதை அளந்து விட்டுக் கலக்கினால்தான் இறுகும். குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டு கிடக்கும். கூடினால் சூடேறி வெந்துபோகும். வேலை இவ்வளவுதான். ஆனால் இதில் ஒவ்வொரு கட்டத்திலும் பயப்படுவதற்கு ஏதாவது இருக்கும். எனக்கோ பயம் பழக்கம். யூனிட்டைப் பூட்டிவிட்டுக் காரடிக்குப் போனால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மறுபடி காரடிக்குப் போய் மறுபடியும் வருவேன். நாகப்பட்டினத்துக்காரர் காருக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பார்.

அந்தக் கோடையில் என் பயத்துக்கு உண்மையான காரணம் ஒன்றும் இருந்தது. இரண்டு மாத வாடகை நின்றுபோயிருந்தது. ஒரு கூரியர்க் கொம்பனி தன் வான்களின் வேலையை வேறு இடத்துக்கு மாற்றிவிட, அதோடு விழுந்ததுதான், எழும்பவில்லை. திங்கட்கிழமைக்குள் ஒரு மாதக் காசாவது தராவிட்டால் பூட்டை மாற்றிவிடுவேன் என்று யார்ட்காரர் சொல்லியிருந்தார். மனைவிக்கு இது தெரியாது. அவள் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து வந்து, காலைக் கட்டிலில் நீட்டியபடி, "யூனிட் பாடு எப்பிடிப் போகுது?" என்பாள். "போகுது" என்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் அக்காவின் ஐஸ்கிரீம் வான் வந்தது.

கணவருக்கு பைபாஸ் செய்து அவர் வேலையை விட்ட பிறகு, அக்கா சேமிப்பையும் சீட்டுக் காசையும் போட்டு வாங்கிய வான் அது. தானே ஓட்டுவார், தானே கோன் சுற்றிக் கொடுப்பார். ஒரு கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்துக்குள் போகும்போது வாசலில் குறுக்கே தொங்கிய உயரத்தடுப்புக் கம்பியை மறந்துவிட்டார். வானின் நெற்றி, அதாவது கண்ணாடிக்கு மேலே முன்னுக்குப் புடைத்துக்கொண்டிருக்கும் பகுதி, பக்கத்து யன்னல்வரை கிழிந்து நொறுங்கிவிட்டது. இன்சூரன்ஸ் மற்றவனுடைய வாகனத்துக்கு மட்டும் தருகிற வகை. உடைந்த துண்டுகளையெல்லாம் அக்கா ரோட்டில் குனிந்து பொறுக்கி, பத்துக் கிலோ அரிசிப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதற்காக அவரைக் கும்பிடலாம். துண்டுகள் இருந்தால்தான் பழைய வளைவு கிடைக்கும். இரண்டு நாள் இருந்து ஒவ்வொன்றாகப் பொருத்தி, வெளிப்பக்கம் டேப் ஒட்டி, சின்னக் கட்டைகள் கொடுத்து நிறுத்தினோம். வெள்ளிக்கிழமை உள்ளுக்குள் இருந்து பாயும் ரெசினும் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்கச் செய்வது. மத்தியானம் வெளியே தேய்த்துப் பூசி, ஒரு கை பெயின்ட் அடித்துக் கொடுப்பது. மிச்சப் பளபளப்பைப் பிறகு பார்க்கலாம் என்று பேச்சு. சனிக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் பழைய மாணவர்கள் நடத்தும் விளையாட்டு விழா. வான் நிறுத்த அக்கா முன்பணம் கட்டிவிட்டார். கோடை முழுக்க அந்த ஒரு நாளை நம்பித்தான் இருக்கிறேன் என்றார். அவர் அந்த நாளை நம்பியிருந்தார். நான் அவரை நம்பியிருந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு வாகனத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகத் தெரியாது. வெள்ளைக்காரன் சாவியைத் தந்துவிட்டு டெலிபோன் நம்பரை வாங்கிக்கொண்டு போவான். எங்கடையாட்கள் வானோடு வந்து வானோடுதான் போவார்கள், ஆஸ்பத்திரியில் ஆளுக்குத் துணை இருப்பதுபோல. அக்காவும் கணவரும் புதன்கிழமையிலிருந்து என்னிடம்தான் இருந்தார்கள். மடக்குக் கதிரை இரண்டு, சாப்பாட்டுப் பெட்டியில் இடியப்பமும் சொதியும் எங்களுக்கும் சேர்த்து, பிளாஸ்கில் தேத்தண்ணீர். நான் வேண்டாமென்று சொன்னதில்லை. சாப்பாடு நல்ல சாப்பாடு.

வெள்ளி காலையே தகரக் கூரை கொதித்தது. அக்கா கலண்டர்த் தாளொன்றைக் கிழித்துக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, நாலரைக்குள்ளை வான் கேற்றைத் தாண்ட வேணும். அதுக்குப் பிறகு அட்டமி பிறக்குது. விளங்குதோ?"

"அக்கா, ரெசினுக்கு அட்டமி நவமி தெரியாது."

"தெரியாட்டி நீர் சொல்லிக் குடும். கரிநாளிலை எடுத்த வான் இது. அதுதான் உந்தக் கம்பியிலை கொண்டுபோய் விட்டது. அண்டைக்கு இந்த மனுசனிட்டைத்தான் நாள் பாக்கச் சொன்னனான்."

"நான் பாத்தனான்" என்றார் கணவர் மெதுவாக. "அது போன வருசக் கலண்டர் எண்டு தெரியேல்லை."

வானுக்குள் இருந்து நாகப்பட்டினத்துக்காரர் சிரித்தார். "அண்ணன் நாள் பாத்ததுல தப்பில்ல அக்கா. வருஷம்தான் தப்பு."

"நீர் சிரியும். உவரைக் கட்டின எனக்கெல்லோ தெரியும். அடுப்பிலை பாலை வைச்சிட்டுப் பேப்பர் பாக்கிற மனுசன். பால் பொங்கி அடுப்பு நூந்து, வீடெல்லாம் மணந்தாப் பிறகு, 'இஞ்சேரும், என்னவோ மணக்குது' எண்டு என்னைக் கூப்பிடுவார்."

கணவரும் சிரித்தார். சிரிக்கும்போது சட்டைப் பையில் இருந்த மாத்திரைப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்கு என் வேலையில் ஆசை. சும்மா இருக்க ஏலாத மனிதர். நார்ப் பாயைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டித் தந்தார். எனக்கும் கேட்டால் சொல்லத்தான் பிடிக்கும். இதுதான் ரெசின் அண்ணை, இதுதான் ஹார்ட்னர், இந்தச் சின்ன மூடியால் அளந்து விட்டால்தான் இறுகும் என்றேன். "இது கூடினால் கெதியாக் காயுமோ?" என்றார். "ஓம், கெதியா இறுகும்" என்றேன். அளவுக்கு மிஞ்சினால் எரியும் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டிவிட்டார்.

முதல் படை வைத்து முடித்தோம். நல்லாகப் பிடித்திருந்தது. இரண்டாவது படைக்கு வாளியில் ரெசினை ஊற்றி, ஹார்ட்னரை அளந்து விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போது கேற்றில் தட்டும் சத்தம். யார்ட்காரர்.

ஓடினேன். உள்ளே வந்து அக்காவுக்கு முன்னால் வாடகைக் கதை எடுத்துவிடுவாரோ என்ற பயம். கேற்றுக்கு வெளியே வைத்தே என் ஆங்கிலத்தில் கெஞ்சினேன். இதோ பாருங்கள், அந்த வான் இன்று முடிகிறது, காசு இன்று கையில், திங்கட்கிழமை நீங்கள் வருமுன் நான் வருவேன். அவர் நல்ல மனிதர்தான். கோபப்படவில்லை. திங்கட்கிழமை என்றால் திங்கட்கிழமை என்றார். போய்விட்டார். எனக்கு முதுகெல்லாம் வியர்வை.

திரும்பி வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வானுக்குள் ஏறினேன். நேரம் போய்விட்டதே என்ற அவசரத்தில் இருவருமாகப் பாய் மேல் பாய் வைத்து ரெசினை ஊற்றித் தள்ளினோம். ரோலர் ஓடும்போதே ஒரு மாதிரி இழுத்தது. வழக்கத்தைவிடத் தடிப்பாக. வெக்கைக்கு அப்படி என்று நினைத்தேன். வாளியின் வெளிப்புறம் என் தொடையில் பட்டபோதுதான் சுட்டது.

"அண்ணே" என்றார் நாகப்பட்டினத்துக்காரர். அவர் கடற்கரையில் பைபர் படகு செய்து வளர்ந்தவர். அவருடைய குரல் மாறியிருந்தது. "அண்ணே, பொக வருது. வாளிய வெளிய தூக்கிட்டு ஓடுங்க! ஓடுங்க!"

வாளியிலிருந்து வெள்ளைப் புகை. நான் அதைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து, வெளியே சீமெந்தில் வைத்தேன். அது தானாகவே சீறி, வெடித்து, மஞ்சளாகி, கல்லாகிப் போனது. உள்ளே அக்கா கத்தினார், "மனுசனை வெளியிலை கொண்டு போங்கோ, அவருக்கு நெஞ்சு ஏலாது, நெஞ்சு ஏலாது!" நான் வானைப் பார்க்கவா, அவரைப் பார்க்கவா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே கொண்டுபோய் மதிலோரம் இருத்தினேன்.  

திரும்பி வந்தபோது வான் டிக், டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சூடேறிய ரெசின் சுருங்கும்போது வரும் சத்தம். நாங்கள் இரண்டு நாள் பொருத்திய துண்டுகளை அது பிடித்து உள்ளே இழுத்தது. டேப் கிழிந்தது. கட்டைகள் கழன்று விழுந்தன. அந்த நெற்றி எங்கள் கண்ணெதிரில் கோணிக்கொண்டு போனது. ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது. நின்று பார்க்க மட்டும்தான் முடியும்.

"ஹார்ட்னர ரெண்டு தடவ ஊத்திட்டீங்களா அண்ணே?"

 ஊற்றிவிட்டேனா? கேற்றில் தட்டும் முன் ஊற்றினேன். வந்து மறுபடி ஊற்றினேனா? கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததையே மறந்து திரும்பவும் போகிறவன் நான். எனக்கே என்னில் நம்பிக்கை இல்லை. வாடகை, வாடகை என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தபோது கை தன்பாட்டில் என்ன செய்ததோ. "நான்தான் போல" என்றேன்.

அக்கா முதலில் ஏசவில்லை. கலண்டர்த் தாளைப் பார்த்தார், வானைப் பார்த்தார், மடக்குக் கதிரையில் இருந்தார். "நாளைக்கு நான் என்ன செய்யிறது தம்பி? ஐஸ்கிரீம் கலவைக்கு ஓடர் குடுத்திட்டன். கட்டின முன்காசைத் திருப்பித் தருவாங்களோ?" என்றார். பிறகுதான் ஏச்சு வந்தது. ஜெர்மனியில் என்னத்தைப் படித்தனீர், ஆரும் நம்பி வாகனம் தருவினமோ, வேலை தெரியாட்டி வாயைத் திறந்து சொல்ல வேணும். எல்லாம் நியாயமாகவே எனக்குப் பட்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பின்னேரம் அக்கா தெருவில் நிறுத்தியிருந்த காரை எடுத்து வரப் போனார். நான் வெளிக்குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நீர் ரெண்டு தரம் விடேல்லை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நான் விட்டனான். நீர் கேற்றடிக்குப் போன நேரம். ரெண்டு மூடி. கெதியாக் காயும் எண்டெல்லோ சொன்னனீர். நாலரைக்குள்ளை எடுத்தால் அவள் சந்தோசப்படுவாள் எண்டு..." அவருக்கு மூச்சு வாங்கியது. "நீர் செய்த மாதிரியே தடியாலை கலக்கியும் விட்டனான்."

எனக்கு முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது.

"அண்ணை, இதை அக்காவிட்டைச் சொல்லுங்கோ. நான் சும்மா ஏச்சு வாங்கிறன். காசுக் கதையும் கிடக்குது."

"ஐயோ தம்பி, வேண்டாம். கும்பிட்டுக் கேக்கிறன். அந்த வான்தான் அவளுக்கு எல்லாம். நான் உழைக்கிறதும் இல்லை, உள்ளதையும் எரிச்சுப்போட்டன் எண்டால் அவள் என்னை என்னெண்டு பாப்பாள்?"

அக்காவின் கார் யார்ட்டுக்குள் திரும்பியது. கணவர் விலகிப்போய், வானத்தைப் பார்ப்பதுபோல நின்றார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த நெற்றியை அறுத்து எடுத்தோம். துண்டுகள் வெந்து பிசகிவிட்டதால் பழைய வளைவு இல்லை. ஹார்ட்போர்ட்டை வளைத்து, கண்ணால் பார்த்து, தூரத்தில் போய் நின்று பார்த்து, தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்துக் கொண்டுவந்தோம். ரெசின், பாய், பெயின்ட் எல்லாம் கடனுக்கு எடுத்தது. எங்கேயோ ஒரு பூங்காவில் அந்த நேரம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்திருப்பார்கள். வெய்யில் நெருப்பாக எரிந்தது. ஐஸ்கிரீம் விற்க அதைவிட நல்ல நாள் வராது. ஒவ்வொரு தரம் வியர்வையைத் துடைக்கும்போதும் அக்காவின் காசு போகிறது என்ற நினைவு. அதோடு என் காசும்.

திங்கட்கிழமை யார்ட்காரர் வந்தார். வான் முடியவில்லை, காசு இல்லை. என்னிடம் இருந்த பெரிய கொம்பிரசரைக் குரோய்டனில் ஒரு கராஜ்காரருக்கு விற்றிருந்தேன், அவர் பாதி விலைதான் தந்தார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து மாத முடிவுவரை தவணை வாங்கினேன். கொம்பிரசர் இல்லாமல் பெயின்ட் அடிக்க முடியாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. பூட்டு மாறாமல் இருந்தால் போதும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றுதான் தலை வேலை செய்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார். கடைசிக் கை பெயின்ட்டை வேறொருவரின் இடத்தில் இரந்து அடித்திருந்தோம். நெற்றி நல்லாக வந்திருந்தது, சொல்லப்போனால் முன்பு இருந்ததைவிட அழகாக. அக்கா சுற்றிவந்து தடவிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேசிய கூலி ஆயிரத்து எண்ணூற்றைம்பது பவுண். முன்பணம் ஐந்நூறு தந்திருந்தார். மிச்சம் ஆயிரத்து முன்னூற்றைம்பது. கைப்பையைத் திறந்து நானூற்றை எண்ணி என் மேசையில் வைத்தார்.

"இவ்வளவுதான் தம்பி. சனிக்கிழமை போன காசை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? நீர் வேணுமெண்டு செய்யேல்லை, எனக்குத் தெரியும். ஆனால் செய்தது நீர்தானே."

கணவர் வானுக்கு மற்றப் பக்கம் நின்று, கதவின் பிடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். அக்கா, நான் செய்யவில்லை. அதைச் சொன்னால் தொள்ளாயிரத்தைம்பது பவுண் என் மேசைக்கு வரக்கூடும். வராமலும் போகலாம், தன் பிழையை நெஞ்சு வருத்தக்காரன் தலையில் போடுகிறான் என்று அக்கா நினைக்கலாம். நம்பினாலோ, அந்த மனிதர் இந்த வானில்தான் அவரோடு வீட்டுக்குப் போக வேண்டும். நான் வாயைத் திறந்தேன். "டயருக்குக் காத்து குறைவாக் கிடக்குது அக்கா, போகேக்கை அடிச்சுக்கொண்டு போங்கோ" என்றேன்.

"வாருங்கோ அப்பா" என்று அக்கா கணவரைக் கூப்பிட்டார். "கதவை உடைச்சுப்போடாதேங்கோ, அதுக்கும் நான்தான் குடுக்க வேணும்."

வான் போன பிறகு நாகப்பட்டினத்துக்காரர் கையுறையைக் கழற்றினார். "அண்ணே, கதவையே மூணு தடவ இழுத்துப் பாக்குற ஆளு, ஹார்ட்னர மட்டும் பாக்காம ஊத்துவீங்களா? அந்த அண்ணன்தான? ஏன் சொல்லல?"

"தெரியேல்லை."

"தெரியலன்னா எப்புடிண்ணே? எனக்கும் சம்பளம் பாக்கி இருக்குல்ல." கோபமாகச் சொல்லவில்லை. அதனால் கூடுதலாகச் சுட்டது. அவருக்குச் சேர வேண்டியதை அந்த நானூற்றிலிருந்து கொடுத்தேன். மாதம் முடியுமுன் அப்டன் பார்க் பக்கம் ஒரு கராஜில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கொம்பிரசர் இல்லாத இடத்தில் அவர் நின்று என்ன செய்வது? இதற்கிடையில் கதை பரவியது. இரண்டு பேர் வாகனம் தருவதாகச் சொன்னதை டெலிபோனில் வேண்டாமென்று மாற்றிவிட்டார்கள். ஒருவர் மறைக்காமலே கேட்டார், "நீர்தானே அந்த ஐஸ்கிரீம் வானை எரிச்ச ஆள்?"

ஒரு மத்தியானம் அக்காவின் கணவர் பஸ்ஸில் தனியாக வந்தார். மூச்சு வாங்க நின்று, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த இருபது பவுணை எடுத்து நீட்டினார்.

"அவளுக்குத் தெரியாது. செலவுக்கு எண்டு தாறதிலை மிச்சம் பிடிச்சனான். கொஞ்சம் கொஞ்சமாத் தந்து முடிச்சுப்போடுவன்."

"வேண்டாம் அண்ணை, வைச்சிருங்கோ" என்று வாய் சொன்னது. கை நீண்டுவிட்டது.

அதிலிருந்து வருகிறார். ஒரு முறை இருபது, ஒரு முறை பத்து. வந்தவுடன் "இன்னும் எவ்வளவு தம்பி?" என்பார். சொல்வேன். தலையாட்டிவிட்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போவார். வராத கிழமைகளில் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவருக்கு நெஞ்சில் ஏதும் வந்துவிட்டதோ என்று பயமா, காசு வரவில்லையே என்ற பயமா, எது முதலில் வருகிறது என்று நான் என்னைக் கேட்பதில்லை.

யார்ட்காரரும் மாதத்துக்கு மாதம் தவணை தந்து பார்த்து, கடைசியாக ஒரு தாளைக் கதவில் ஒட்டிவிட்டார். வரும் மாதத் தொடக்கத்தில் யூனிட்டைக் காலி செய்ய வேண்டும். மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று வேலையில்லாத யூனிட்டுக்குள் இருந்து யோசித்துக்கொண்டிருந்தபோது நேற்று அக்காவின் கணவர் வந்தார். தாளைப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வரும். வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இனி எங்கை கொண்டுவந்து தாறது தம்பி? வீட்டை வரட்டோ?"

"வீட்டை வேண்டாம் அண்ணை. மனுசிக்குத் தெரியாது."

"உமக்கும் அப்பிடியோ?" என்றார். சிரிப்பதுபோல முகம் போனது, சிரிப்பு வரவில்லை. சட்டன் பஸ் தரிப்பிடத்தில் வெள்ளிக்கிழமைகளில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். இருபது பவுணைத் தந்துவிட்டுப் போனார்.

இன்னும் வரவேண்டியது எழுநூற்று முப்பது பவுண்.